மீக்கடத்திக் காந்தமும் மாவட்ட மருத்துவமனையும்: எம்.ஆர்.ஐ. கருவியின் புலவலிமையை யார் தீர்மானிப்பது?

#1 வைகைக்கரை

முதுகலை மாணவர்களுக்குத் திடநிலை இயற்பியல் கற்பித்து வருகிறேன். மீக்கடத்திகள் (மிகு குளிரில் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருள்கள்) பற்றிய பாடம் முடியும் தறுவாயில், இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று யாராவது ஒருவர் கேட்பார். எம்.ஆர்.ஐ. என்று ஒரே சொல்லில் விடை சொன்னால் வகுப்பு நிறைவடைந்துவிடும். அந்த விடையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு, மீக்கடத்திகளையும், உராய்வின்றிப் பாயும் திரவங்களாகிய மீப்பாய்மங்களையும் பற்றிய கோட்பாட்டுக்காக அப்ரிகோசவ், கின்ஸ்பர்க், லெகெட் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அதே ஆண்டின் மருத்துவப் பரிசு, காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படமெடுக்கும் முறைக்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கும் கிடைத்தது. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இவ்விரு பரிசுகளும் ஒரே பொருளாக நிற்கின்றன.

அந்த இடத்தை அடையப் பல பத்தாண்டுகள் ஆயின. 1908இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹீலியத்தைத் திரவமாக்கிய இயற்பியலாளர் காமர்லிங் ஆனஸ், 1911இல் பாதரசம் ஏறத்தாழ 4.2 கெல்வினில் (அதாவது –269 டிகிரி செல்சியஸில்) தன் மின்தடையை முற்றிலும் இழப்பதைக் கண்டார். 1913இலேயே, மீக்கடத்திச் சுருளைக் கொண்டு ஒரு லட்சம் காஸ் (10 டெஸ்லா) வலிமையுள்ள காந்தம் செய்யலாம் என்று அவர் பேசியிருக்கிறார். ஆனால் ஈயச் சுருளில் சில நூறு காஸ் புலம் ஏறியவுடனேயே மீக்கடத்துத்திறன் அழிந்துபோனது. கலப்புலோகங்கள் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன என்பதை 1930களில் உக்ரைனின் கார்கிவ் நகரில் அளந்து காட்டிய ஷுப்னிக்கவ், ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அளவீடுகளுக்கு அப்ரிகோசவ் கோட்பாட்டு விளக்கம் தந்தது 1957இல்தான். காந்தப்புலம் மெல்லிய சுழல்களாகப் பொருளுக்குள் நுழைந்த பின்னும் சில மீக்கடத்திகள் மீக்கடத்திகளாகவே நீடிக்கும் என்பதே அந்த விளக்கம். 1961இல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லர் குழுவினர் நையோபியம்-வெள்ளீயச் சேர்மம் 8.8 டெஸ்லா புலத்திலும் பெருமளவு மின்னோட்டத்தைத் தாங்குவதைக் காட்டினார்கள். அதையடுத்து, எளிதில் கம்பியாக இழுக்கக்கூடிய நையோபியம்-டைட்டானியம் கலப்புலோகம் வந்தது. இன்றும் பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளில் சுற்றப்பட்டிருப்பது அந்தக் கம்பிதான்.

நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். அந்தக் கலப்புலோகம் 10 கெல்வினுக்குச் சற்றுக் கீழே வந்தால்தான் மீக்கடத்தியாகிறது என்பதால், கருவியைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்த வேண்டியதாயிற்று. ஹீலியம் தேவைப்பட்டதால் தனிக் கட்டடமும், இடைவிடாத மின்சாரமும், வெளிநாட்டிலிருந்து வரும் வாயுவும், விலையுயர்ந்த பராமரிப்பு ஒப்பந்தமும் தேவைப்பட்டன. இவையெல்லாம் கிடைக்கும் ஊரில்தான் கருவி நின்றது. ஆகவே, ஒரு பொருள் மீக்கடத்தியாக மாறும் மாறுநிலை வெப்பநிலை, எந்த ஊர் நோயாளிக்குப் படம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்திருக்கிறது. 1.5 டெஸ்லா என்ற எண்ணை இயற்கை நமக்கு விதிக்கவில்லை. 1980களில் தொழில் நிறுவனங்களும் பெரிய மருத்துவமனைகளும் சேர்ந்து எட்டிய தேர்வு அது. மிகக் குறைந்த புலத்தில் இயங்கும் கருவிகள் இப்போது வரத் தொடங்கியிருக்கும் நிலையில், அந்தத் தேர்வை நாம் மறுபடி பரிசீலிக்க வேண்டாமா?

#2 நிழற்படம்

வைகைக்கரை ஐயா, வரலாற்றை நன்றாகத் தொகுத்திருக்கிறீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் கதிரியல் துறையில் பணிபுரியும் எனக்கு உங்கள் முடிவில் உடன்பாடு இல்லை.

1.5 டெஸ்லா வெறும் தேர்வு அன்று. உடல் வெப்பநிலையில், அந்தப் புலத்தில்கூட, நம் உடலின் ஹைட்ரஜன் அணுக்கருக்களாகிய புரோட்டான்களில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ ஐந்து என்ற அளவுக்கே ஒரு திசையில் மிகை கிடைக்கிறது. நாம் காணும் படம் முழுவதும் அந்த ஐந்தின் குரல்தான். புலத்தைக் குறைத்தால் அந்த மிகையும் அதே விகிதத்தில் குறைகிறது. மின்தூண்டல் வழியாகப் பெறும் குறிப்பலையோ (சிக்னல்) அதைவிட வேகமாகச் சரிகிறது. நீங்கள் சொல்லும் புதிய வகையைச் சேர்ந்த 0.064 டெஸ்லா கருவியில் குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 1.5 டெஸ்லா கருவியில் கிடைப்பதைக் காட்டிலும் இருபது மடங்குக்கும் மேல் தாழ்ந்திருக்கும். அதை ஈடுகட்ட நோயாளியை நெடுநேரம் அசையாமல் படுக்க வைக்க வேண்டும், அல்லது பருமனான படத்தோடு அமைய வேண்டும்.

குறைந்த புலம் நம் ஊருக்குப் புதிதும் அன்று. நிலைக்காந்தம் (மின்னோட்டம் இல்லாமலே காந்தமாக இருப்பது) கொண்ட 0.2, 0.35 டெஸ்லா திறந்த வகைக் கருவிகள் சிறு நகரங்களின் தனியார் மையங்களில் பல ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அங்கே எடுத்த படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருபவர்களை அறுவை மருத்துவர், பெரிய மெஷினில் இன்னொரு முறை எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். மலிவான படம் என்று நாம் சொல்வது அந்த நோயாளிக்கு இரட்டைச் செலவாகிவிடுகிறது.

முதுகெலும்புக் காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரேயில் எலும்பு கரைந்திருப்பது தெரிவதற்குள் நோய் வெகுதூரம் போயிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜையின் வீக்கமும், அருகில் சேரும் சீழும், தண்டுவடத்தின் மீது விழும் அழுத்தமும் முன்கூட்டியே தெரியும். கால் செயலிழப்பதற்கு முன் நோயாளியைப் பிடித்து நிறுத்துவது அந்தப் படம்தான். இங்கே தெளிவில் சமரசம் செய்யச் சொல்பவர்கள், அந்தச் சமரசத்தின் விலையைக் கொடுக்கப்போவது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

#3 குளிர்முனை

பல மாவட்டங்களில் எம்.ஆர்.ஐ. கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளனாகப் பணிபுரிகிறேன். ஹீலியம் பற்றிய பகுதியில் நான் நேரில் பார்த்தவற்றைச் சொன்னால் விவாதத்துக்கு உதவும்.

வழக்கமான 1.5 டெஸ்லா கருவியில் 1,500 முதல் 2,000 லிட்டர் வரை திரவ ஹீலியம் இருக்கும். அறைக்கு வெளியே நிற்பவர்களுக்குக்கூட, படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும், விடுமுறை நாளிலும் சிக்–சிக் என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். கோல்டு ஹெட் என்று நாங்கள் அழைக்கும் குளிர்விப்பானின் ஓசை அது. ஆவியாகும் ஹீலியத்தை மீண்டும் திரவமாக்கித் தொட்டிக்குள் விடுவது அதன் வேலை. அதன் உட்பகுதியில் வைகைக்கரை ஐயாவின் பாடத்துக்கு உரிய செய்தி ஒன்று இருக்கிறது. முன்பு அங்கே வெப்பத்தை வாங்கி வைக்க ஈயக் குண்டுகளை வைத்திருந்தார்கள். 10 கெல்வினுக்குக் கீழே ஈயத்தின் வெப்பக் கொள்ளளவு வெகுவாகச் சரிந்துவிடுவதால், 4 கெல்வினை எட்டுவது கடினமாக இருந்தது. 1990 வாக்கில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எர்பியம்-நிக்கல் போன்ற அருமண் சேர்மங்களைப் புகுத்தினார்கள். அவற்றின் காந்த ஒழுங்கு அந்தத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் மாறுகிறது. அந்த மாற்றம் நடக்கும் இடத்தில் வெப்பக் கொள்ளளவு உயர்ந்து நிற்கிறது. யாரோ ஒருவர் காந்த நிலைமாற்றங்களைப் பொறுமையாக அளந்து அட்டவணை போட்டதன் பயனாக, மாதாமாதம் ஹீலியம் நிரப்ப வேண்டிய கருவிகள் ஆண்டுக்கணக்கில் நிரப்பாமலே ஓடத் தொடங்கின.

ஆனால் அந்தக் கோல்டு ஹெட்டுக்கும் அதன் கம்ப்ரசருக்கும், அதைக் குளிர்விக்கும் சில்லருக்கும் மின்சாரம் நிற்கவே கூடாது. சில்லர் பழுதாகி யாரும் கவனிக்காமல் ஒரு வார இறுதி கழிந்தால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். அளவு மிகவும் குறைந்துபோனால் கம்பியின் ஒரு பகுதி மீக்கடத்து நிலையை இழந்து சூடாகி, அந்தச் சூடு அடுத்த பகுதிக்குப் பரவி, சில நொடிகளில் காந்தம் முழுவதும் இறங்கிவிடும். அதைத்தான் குவென்ச் என்கிறோம். ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கும் மேல் வாயுவாக விரிவதால், மொட்டை மாடிக் குழாய் வழியே வெள்ளை மேகமாய் அது பீறிட்டு வெளியேறும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் மறக்க மாட்டார். குழாயில் அடைப்பு இருந்தால் வாயு அறைக்குள்ளேயே புகுந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதன் பிறகு ஹீலியம் வாங்கி நிரப்பி, காந்தத்தை மறுபடி ஏற்றிச் சீர்செய்யும் வரை அந்த மாவட்டத்துக்குக் கருவி இல்லை. ஹீலியம் கிடைக்கும் நாளை நாங்கள் தீர்மானிக்க முடியாது. 2017இல் அண்டை நாடுகள் கத்தாரின் எல்லைகளை மூடியபோது, உலகின் ஹீலியத்தில் ஏறத்தாழ கால்பங்கைத் தந்துவந்த அந்த நாட்டின் ஆலைகள் நின்றுபோயின.

அந்த ஹீலியம் சூரிய ஒளியில் அடையாளம் காணப்பட்ட கதையில் நம் பகுதிக்கும் இடம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆராய்ந்தது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் இருந்துதான்.

#4 தாமிரபரணி

எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். மருத்துவர் ஐயாவும் பொறியாளர் சாரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த அறையின் வாசலில் நிற்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. எங்களுடைய நாள் தொடங்குவது இரும்பைத் தேடுவதில்தான். தாலிச் சங்கிலி தங்கம் என்பதால் காந்தம் அதை இழுக்காது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கொடியிலேயே இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள், அவை எஃகு. வயதான அம்மாக்கள் தாலியைக் கழற்ற மனமில்லாமல் கைகளால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது, நான் மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டு, அதன் பிறகு கொடியை வாங்கி மகள் கையில் கொடுப்பேன். மெட்டி வெள்ளியாக இருந்தால் காந்தம் இழுக்காது என்றாலும் அதையும் கழற்றச் சொல்வோம், ஏனெனில் எது வெள்ளி, எது முலாம் என்று பார்வையில் தெரியாது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்தபோது காந்தம் அவரையும் சிலிண்டரையும் சேர்த்து இழுத்துவிட்டது, அவர் உயிரிழந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளி வரும் ஒவ்வொரு முறையும் நானே வாசலில் நிற்கிறேன்.

இதனால்தான் மிக மோசமான நிலையில் உள்ள நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகிறது. வென்டிலேட்டரில் இருப்பவரை, நான்கைந்து மருந்துப் பம்புகளோடு, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நகர்த்தி வந்து, எல்லாவற்றையும் காந்தம் இழுக்காத கருவிகளுக்கு மாற்றிப் படுக்க வைப்பதற்குள் அவருடைய நிலை மாறிவிடலாம். படம் எடுக்கத் துணியாமல் மருத்துவர்கள் கைவிட்டவர்கள் எங்கள் பதிவேட்டில் வருவதே இல்லை. 1.5 டெஸ்லா படத்தோடு 0.064 டெஸ்லா படத்தை மட்டும் ஒப்பிடும்போது, படமே கிடைக்காதவர் கணக்கில் விடுபட்டுப்போகிறார்.

#5 நொய்யல்

தாமிரபரணி அக்கா இறுதியாகச் சொன்னதுதான் ஆய்வுலகில் இப்போது நடக்கும் மாற்றத்தின் மையம். மீக்கடத்திப் பொருள்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன் என்ற முறையில் சில விவரங்களைத் தருகிறேன்.

உகாண்டாவில் குழந்தைகளுக்குத் தொற்றுக்குப் பின் மூளையறைகளில் நீர் தேங்கும் ஹைட்ரோசெபாலஸ் நோய் பெருமளவில் காணப்படுகிறது. அங்கே அறுவை மருத்துவருக்கு வேண்டியது நீர் எங்கே, எவ்வளவு தேங்கியிருக்கிறது, மூளைத்திசு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்ற விடை மட்டுமே. மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கம் வேண்டியதில்லை. சி.டி. எடுக்கலாம்தான், ஆனால் வளரும் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கதிர்வீச்சு கொடுக்க நேரும். நெதர்லாந்தின் லைடன் மருத்துவ மையத்தைச் சேர்ந்த வெப் குழுவினர், ஆயிரக்கணக்கான சிறு நியோடிமியக் காந்தத் துண்டுகளை வளையமாக அடுக்கி, ஏறத்தாழ 0.05 டெஸ்லா புலம் தரும் கருவியை வடிவமைத்தார்கள். ஹீலியம் முதன்முதலில் திரவமான அதே நகரில் ஹீலியமே தேவைப்படாத எம்.ஆர்.ஐ. உருவாகியிருக்கிறது. அவ்வடிவமைப்பைப் பின்பற்றி உகாண்டாவின் முபராரா பல்கலைக்கழகத்தினர் அங்கேயே ஒரு கருவியைப் பாகம் பாகமாகப் பொருத்தி உருவாக்கியிருக்கிறார்கள். கருவியைத் தாங்களே பொருத்தி உருவாக்கியவர்களுக்கு அதைப் பழுதுபார்க்கவும் தெரிந்திருக்கும் என்பதால், நன்கொடையாக வந்து மூலையில் முடங்கிக் கிடக்கும் இயந்திரங்களின் கதி இதற்கு நேராது என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் எட் வூ குழுவினர் 2021இல் மூளைக்கும், 2024இல் முழு உடலுக்கும் 0.05 டெஸ்லா அளவிலான கருவிகளைக் காட்டினார்கள். சாதாரணச் சுவர் மின்செருகியில் இயங்கும் அவற்றுக்குச் செப்புத்தகடு வேய்ந்த அறை தேவையில்லை.

மறுமுனையில், பாரிஸ் அருகே சாக்லேயில் உள்ள இசால் கருவி 11.7 டெஸ்லா புலத்தில் மனித மூளையின் முதல் படங்களை 2024இல் வெளியிட்டது. அதன் காந்தம் மட்டுமே 132 டன், அதை 1.8 கெல்வினுக்குக் குளிர்விக்கிறார்கள். அதுவும் தேவையான ஆய்வுதான். ஆனால் அது மாவட்ட மருத்துவமனைக்கான வழியன்று.

1986இல் பெட்னார்ஸும் முல்லரும் கண்ட செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளும், அடுத்த ஆண்டே திரவ நைட்ரஜன் வெப்பநிலையை (77 கெல்வின்) தாண்டிய இட்ரியச் சேர்மமும் ஏன் இன்னும் நையோபியம்-டைட்டானியத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவை ஓடுபோல் நொறுங்கும் பீங்கான்கள். படிகத் துகள்கள் ஒன்றோடொன்று சற்றுச் சாய்ந்து நின்றாலே எல்லையில் மின்னோட்டம் தடைபடுகிறது. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் ஒரு முறை ஏற்றிய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் தேயாமல் சுழல வேண்டுமென்றால் கம்பியின் இணைப்புகளும் மீக்கடத்திகளாக இருக்க வேண்டும். செப்பு ஆக்சைடு நாடாக்களில் அத்தகைய இணைப்பைச் செய்வது மிகவும் கடினம். நையோபியம்-டைட்டானியம் நன்றாக வளையும், மலிவானது. சிகாகோ அருகே டெவட்ரான் துகள்முடுக்கிக்காக அதை டன் கணக்கில் இழுத்துப் பழகிய ஆலைகளும் இருக்கின்றன. 2001இல் கண்டறியப்பட்ட, 39 கெல்வினில் மீக்கடத்தியாகும் மக்னீசியம் டைபோரைடைக் கொண்டு இத்தாலியில் 0.5 டெஸ்லா திறந்த கருவி ஒன்று செய்யப்பட்டிருக்கிறது. அந்த வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2023இல் எல்கே-99 என்ற சேர்மம் அறை வெப்பநிலையில் மீக்கடத்தியாகிறது என்ற செய்தி பரவியபோது, இனி எம்.ஆர்.ஐ. ஊருக்கு ஊர் வந்துவிடும் என்று எழுதியவர்கள் பலர். சில வாரங்களுக்குள் அது மீக்கடத்தியே அன்று என்று பல ஆய்வகங்கள் காட்டிவிட்டன. அது உண்மையாகவே இருந்திருந்தாலும், வளையும் கம்பியாகவும் சீரான இணைப்பாகவும் மாற்ற இன்னும் ஒரு தலைமுறை உழைப்பு வேண்டியிருந்திருக்கும்.

#6 பொதுநலம்

பொதுச் சுகாதாரத் துறையில் பொருளாதாரம் பயின்றவள் நான். இந்த உரையாடலில் கருவி பற்றிய பேச்சு மிகுந்தும், கருவியைச் சுற்றியுள்ள மனிதர்கள் பற்றிய பேச்சு குறைந்தும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் இந்தச் சேவை பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. இருந்தாலும், கருவி இருக்கும் இடத்தில் அதை இயக்கத் தொழில்நுட்பர்கள் போதுமா, எடுத்த படத்தை அன்றே படித்து அறிக்கை தரக் கதிரியலாளர் இருக்கிறாரா, அறிக்கை வந்த பின் அறுவை செய்ய நரம்பியல் அறுவை மருத்துவர் அந்த ஊரில் இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் புலவலிமையை மட்டும் பேசினால் பயனில்லை. தாலுகா மருத்துவமனையில் 0.05 டெஸ்லா கருவியை வைத்து மூளையில் நீர் தேங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, அந்தக் குழந்தையை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப ஆம்புலன்சும் படுக்கையும் இல்லையென்றால், பெற்றோருக்கு நாம் கொடுத்தது அச்சம் மட்டுமே.

இன்னொன்று. ஹீலியத்தைச் சார்ந்திருப்பதிலிருந்து விடுபட நிலைக்காந்தத்துக்குப் போனால், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களைச் சார்ந்திருக்க நேரும். 2025 ஏப்ரலில் சீனா சமாரியம், காடோலினியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கும், அவற்றால் செய்த காந்தங்களின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தபோது, நம் நாட்டு வாகனத் தொழிலே தடுமாறியது. படத்தில் கட்டியைத் துலக்கிக் காட்ட இரத்தக்குழாயில் ஏற்றும் மருந்தும் காடோலினியம் கொண்டதுதான். ஒரு நாட்டின் எரிவாயுக் கிணற்றுக்குப் பதிலாக இன்னொரு நாட்டின் சுரங்கத்தைச் சார்ந்திருப்பதை விடுதலை என்று நான் ஏற்கமாட்டேன். எனவே நொய்யல் போன்றவர்களின் ஆய்வுக்கு இங்கேயே பணம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை சுகாதாரக் கோரிக்கையும்கூட.

#7 நிழற்படம்

தாமிரபரணி அவர்களின் கருத்தை ஏற்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையருகே எடுக்கும் தெளிவு குறைந்த படம், எடுக்கப்படாத தெளிவான படத்தைவிட மேலானது. சக்கரங்களில் நகர்த்திச் செல்லக்கூடிய 0.064 டெஸ்லா கருவிக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்ததும் மூளைக்கு மட்டுமே, அத்தகைய பயன்பாட்டை முன்னிட்டே. அந்த எல்லைக்குள் எனக்கு எதிர்ப்பில்லை.

ஆனால் ஹாங்காங் குழுவின் படங்களைப் பற்றி நான் கவலைப்படும் காரணம் ஒன்று உண்டு. பலவீனமான குறிப்பலையிலிருந்து கூர்மையான படத்தை எடுக்க அவர்கள் செயற்கை நுண்ணறிவின் ஆழ்கற்றல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். பல்லாயிரம் உயர்புலப் படங்களைக் கண்டு பழகிய அந்த நிரல், மூளை வழக்கமாக எப்படி இருக்கும் என்பதைக் கற்றிருக்கிறது. நான் தேடுவதோ வழக்கத்துக்கு மாறானதை. எங்கள் பகுதியில் நாடாப்புழுவின் இளம்புழுக்கள் மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கும் நோய் சாதாரணமாக வருகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள நீர்க்கட்டி, அதன் நடுவே புழுவின் தலையாகிய ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்துத்தான் அது புழுவா, காசநோய்க் கட்டியா என்று பிரிக்கிறோம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அந்நோய் அரிதாக உள்ள நாட்டின் படங்களில் பழகிய நிரல் அந்தப் புள்ளியை இரைச்சல் என்று அழித்துவிட்டால், அல்லது இல்லாத ஒன்றை வரைந்துவிட்டால், படம் அழகாக இருப்பதாலேயே நான் ஏமாறுவேன். நம் நோயாளிகளின் படங்களில் பயிற்றுவித்து, நம் மருத்துவமனைகளில் இரு கருவிகளையும் அருகருகே வைத்துச் சோதித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் புலம் போதும் என்று கேள்விவாரியாக எழுதிய பிறகே அதை ஊர்களுக்கு அனுப்ப வேண்டும்.

இடைப்பட்ட 0.55 டெஸ்லா பற்றி இங்கே யாரும் பேசவில்லை. நவீன மின்னணுவியலோடு அந்தப் புலத்தில் நுரையீரலை 1.5 டெஸ்லாவைவிட நன்றாகப் பார்க்க முடிகிறது, உடலுக்குள் பொருத்திய உலோகத்தைச் சுற்றிப் படம் சிதைவதும் குறைகிறது. எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர்கள் நிறைந்த நம் மருத்துவமனைகளுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

#8 வைகைக்கரை

மருத்துவர் சொன்ன கேள்விவாரியான அணுகுமுறையை முழுமனதாக ஏற்கிறேன். என் முதல் பதிவில் நான் கேட்டதும் அதுவே: புலவலிமை ஒரு மருத்துவக் கேள்விக்கான விடையாக அமைய வேண்டும், விற்பனைப் பட்டியலின் முதல் வரியாக வந்து சேரக் கூடாது.

பொதுநலம் அம்மையார் ஆய்வு நிதி பற்றிக் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மான்ஸ்ஃபீல்டு 1973இல் நாட்டிங்ஹாமில் செய்த முதல் சோதனையில் நோயாளியும் இல்லை, உடலும் இல்லை. படிகத்தில் அணு அடுக்குகளை எக்ஸ் கதிர் காட்டுவதுபோல் காந்த ஒத்ததிர்வால் காட்ட முடியுமா என்ற திடநிலை இயற்பியல் கேள்விக்காக, அவர் கற்பூரத் தகடுகளை அடுக்கி வைத்து அளந்தார். அதே ஆண்டில் லாட்டர்பர் நீர் நிரம்பிய இரு நுண்குழாய்களின் படத்தை வெளியிட்டார். அக்கட்டுரையை நேச்சர் இதழ் முதலில் திருப்பி அனுப்பியிருந்தது. இன்று உலகெங்கும் எம்.ஆர்.ஐ. பயன்படுத்தும் ஃபூரியர் முறையை 1975இல் ஜூரிச்சில் எர்ன்ஸ்டோடும் வெல்ட்டியோடும் சேர்ந்து வெளியிட்டவர் அனில் குமார். அவர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தார். அந்தப் பெயரை என் மாணவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அறிவு இங்கே இருந்தும் காந்தம் இங்கே சுற்றப்படவில்லை. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 1.5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தத்தை உருவாக்கும் திட்டத்தில் ஈடுபட்டிருக்கிறது; பெங்களூரு நிறுவனம் ஒன்றும் உள்நாட்டுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. தாமதமாகவேனும் இவை நடப்பது மகிழ்ச்சி. குளிர்முனை அவர்களிடம் ஒரு கேள்வி: இப்போது வரும், ஹீலியத்தை உள்ளேயே பூட்டி வைத்த காந்தங்கள் உங்கள் களத்தில் உண்மையிலேயே வேலையைக் குறைக்கின்றனவா?

#9 குளிர்முனை

பெரும்பாலும் குறைக்கின்றன, ஐயா. 1.5 டெஸ்லாவிலேயே ஏழு லிட்டர் ஹீலியம் மட்டும் கொண்ட மூடிய காந்தங்கள் 2018 முதல் சந்தையில் உள்ளன. மருத்துவர் குறிப்பிட்ட 0.55 டெஸ்லா வகை ஒன்றில் ஒரு லிட்டருக்கும் குறைவு. மொட்டை மாடிக்குக் குழாய் இழுக்க வேண்டாம், எடை குறைவு என்பதால் பழைய கட்டடத்திலும் வைக்கலாம், ஹீலியம் லாரிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பழைய காந்தத்தில் இருக்கும் 1,500 லிட்டர் ஹீலியம் ஒரு சேமிப்பும்கூட; கோல்டு ஹெட் நின்றாலும் அது மெல்ல ஆவியாகி, நாங்கள் வந்து சேரும் வரை காந்தத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும். மூடிய காந்தத்தில் அந்தச் சேமிப்பு இல்லை. குளிர்விப்பு நெடுநேரம் நின்றால் கருவி தானாகவே புலத்தை இறக்கிவிடும். ஹீலியம் வீணாகாது என்றாலும், மறுபடி குளிர்வித்து ஏற்றும் வரை படம் எடுக்க முடியாது. ஆகவே மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் இதை வைப்பவர்கள் கம்ப்ரசருக்கும் சில்லருக்கும் சேர்த்து ஜெனரேட்டர் இணைப்புக் கொடுக்க வேண்டும். டெண்டரில் கணினிக்கும் விளக்குக்கும் மட்டும் யு.பி.எஸ். கேட்டுவிட்டு சில்லரை விட்டுவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சில்லரின் மின் இணைப்பையும், அது நின்றால் யாருடைய கைப்பேசிக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.